பெயர் தெரிந்த விடைத்தாள்: ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பணியாற்றும் ஆசிரியத் தோழர்களுக்கு,

வணக்கம். தென்மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். கோடை விடுமுறை முடியப் போகிறது. இன்னும் சில நாளில் புதுச் சேர்க்கை, பாடவேளை அட்டவணை, எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, வருகைப் பதிவேடு என்று உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை உங்களோடு பேசிவிட நினைக்கிறேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, அவன் பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பள்ளிகளில் சாதிப் பிரிவினையை ஒழிக்க வழி சொல்லுமாறு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றியில் வைக்கும் அடையாளம், பள்ளிப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதி என்று பலதையும் அது தொட்டது.

அந்த நாட்களில் பழைய சகாக்களோடு பேசும்போதெல்லாம் இரண்டு விதமான பேச்சைக் கேட்டேன். "அப்போ வாத்தியாருங்க எல்லாரும் சாதி பார்க்கிறவங்கன்னு சொல்றாங்களா?" என்று கொதித்தவர்கள் ஒரு பக்கம். "இதெல்லாம் ஊர் பழக்கம் சார், மெதுவாத்தான் மாறும்" என்று தள்ளிவிட்டவர்கள் இன்னொரு பக்கம். முதலாமவர்களில் பலர் நல்ல ஆசிரியர்கள், எனக்கே தெரியும். இரண்டாமவர்களில் சிலர் அப்படியில்லை, அதுவும் தெரியும். இந்த இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகின்றன. எல்லோர் மனசிலும் தெரியாமலே இருக்கிற சாய்வும், சிலர் விடாப்பிடியாகப் பிடித்து வைத்திருக்கிற தப்பெண்ணமும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் நல்லவர்கள் தேவையில்லாமல் காயப்படுகிறார்கள், கண்டிக்கப்பட வேண்டியவர்கள் சுலபமாகத் தப்பிக்கிறார்கள். நடுவில் பிள்ளைகள்.

என் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். எந்தப் பள்ளி என்பது முக்கியமில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம். ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு கட்டு விடைத்தாளோடு உட்கார்ந்திருக்கிறோம். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், வகுப்பில் வாயே திறக்க மாட்டான். அவனுடைய கணக்குத் தாள் ஒருவர் கையில் இருந்தது. வடிவியல் கணக்கு ஒன்றைப் புத்தகத்தில் இல்லாத வழியில் போட்டு, சரியான விடைக்கு வந்திருந்தான். "அட, இவனா?" என்றார் கணக்கு ஆசிரியர். பேனாவை மூடி வைத்தார். முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். முழு மதிப்பெண் போட்டார். மறுநாள் அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு அதே கணக்கை வகுப்புக்கு விளக்கச் சொன்னார். அதற்கப்புறம் அவர் கேள்வி கேட்டால் கடைசி பெஞ்சையும் பார்த்துத்தான் கேட்பார்.

அதே பையனின் அறிவியல் தாள் எதிரே இருந்த இன்னொருவர் கையில். அதுவும் நல்ல தாள்தான். "அந்தத் தெருப் பயலுக்கு இதெல்லாம் எங்கேருந்து வரும்? பக்கத்துல யாரு உட்கார்ந்தா?" என்று கேட்டபடி தேர்வறை இருக்கைப் பட்டியலை எடுத்துவரச் சொன்னார். பக்கத்தில் இருந்தவன் அந்தப் பாடத்தில் தேறவே இல்லை. பட்டியலையும் மதிப்பெண்ணையும் பார்த்தார். "அப்போ பிட்டு வச்சிருப்பான்" என்றார்.

"அட, இவனா?" என்பதும் குற்றமற்ற சொல் இல்லை. அந்தப் பையனிடம் அவர் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. அவன் பேசாதவன், பின்னால் உட்காருபவன், சட்டை கசங்கியிருக்கும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்து அவர் மனசு ஏற்கெனவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தது. ஆனால் கண்ணெதிரே வேறொன்று வந்து நின்றதும் அந்தக் கணக்கை அழித்துவிட்டார். அறிவியல் ஆசிரியரிடம் ஆதாரம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு வந்தன. தீர்ப்பு மட்டும் மாறவில்லை. அவரைப் பொறுத்தவரை அந்தத் தெருவிலிருந்து வருகிறவன் நன்றாக எழுதவே முடியாது. எழுதிவிட்டான் என்றால் அதற்கு ஒரு திருட்டுத்தனம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

சாய்வையும் தப்பெண்ணத்தையும் பிரித்துக் காட்ட எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான். நினைத்ததற்கு மாறான ஒன்று வந்து நிற்கும்போது அந்த மனிதர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

சாய்வு என்பது வெறுப்பிலிருந்துதான் பிறக்கும் என்று நினைக்க வேண்டாம். ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இந்தியாவில் ஒரு சோதனை செய்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தார்கள். விடைத்தாளின் முகப்பில் சாதி, பாலினம், வயது ஆகியவற்றைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல அவர்களே மாற்றி மாற்றி எழுதினார்கள். உள்ளே இருக்கும் விடைக்கும் வெளியே இருக்கும் விவரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று முகப்பில் எழுதியிருந்த தாள்களுக்கு மதிப்பெண் சற்றே குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் இருந்தது. யார் குறைத்தார்கள் என்று பிரித்துப் பார்த்தபோதுதான் எதிர்பாராத விடை கிடைத்தது. மேல்சாதி ஆசிரியர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள்தான் குறைத்துப் போட்டிருந்தார்கள்.

இதைப் படித்தவுடன் "பார்த்தீர்களா, அவங்களே அப்படித்தான்" என்று சொல்லத் தோன்றினால் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். தன் வீட்டுப் பிள்ளைபோன்ற பிள்ளையின் தாளுக்கே குறைத்துப் போடும் அந்த ஆசிரியருக்கு அந்தப் பிள்ளை மேல் என்ன வெறுப்பு இருந்திருக்க முடியும்? "இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்" என்று ஊரும் பாடசாலையும் அவருக்கும் சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி உள்ளே இறக்கியிருக்கின்றன. அந்த எதிர்பார்ப்பு பேனா முனைக்கு வந்துவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அந்த ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. கட்டின் ஆரம்பத்தில் திருத்திய தாள்களில்தான் வித்தியாசம் அதிகம். விடைக்குறிப்பு இன்னும் மனசில் பதியாத நேரம் அது. என்ன மதிப்பெண் போடுவது என்று தெளிவில்லாதபோது கண் தானாக முகப்பைப் பார்க்கிறது. திருத்தத் திருத்த விடையே பேசத் தொடங்கிவிடுகிறது, முகப்பின் பிடி தளர்கிறது.

இதே சங்கதி சாதியோடு நிற்பதில்லை. எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1920லேயே ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் உள்ளவர்களை மதிப்பிட்ட விதத்தை ஆராய்ந்து எழுதினார். தோற்றத்தில் கம்பீரமானவர் என்று ஒருவருக்கு நல்ல மதிப்பு விழுந்தால் அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் எல்லாவற்றிலும் அவருக்குத் தாராளமாக விழுந்திருந்தது. நம் மேசையிலும் இதுதான் நடக்கிறது. முத்து முத்தான கையெழுத்து என்றால் நெடுவினாவில் ஒரு மதிப்பெண் கூடிவிடுகிறது. முதல் பக்கம் பிரமாதமாக இருந்தால் நாலாம் பக்கத்துப் பிழை கண்ணில் படுவதில்லை. அக்கா முதல் மதிப்பெண் வாங்கியிருந்தால் தங்கையைப் பார்க்கும் பார்வையே வேறு. அண்ணன் சண்டைக்காரன் என்றால் தம்பி வகுப்புக்குள் நுழையும் முன்பே அவன் பெயர் கெட்டுவிடுகிறது.

ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். இந்தச் சாய்வுக்கு மருந்து என்ன என்று நம் துறைக்கு எப்போதோ தெரியும். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகாத முதுகலை ஆசிரியர் யார் இருக்கிறோம்? பெயரும் பதிவெண்ணும் உள்ள முகப்புப் பகுதியைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் கட்டு நம் கைக்கு வருகிறது. டம்மி எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாது. உதவித் தேர்வாளர் திருத்தியதைக் கூர்ந்தாய்வு அலுவலர் பார்க்கிறார், அதற்கு மேலே முதன்மைத் தேர்வாளர் பார்க்கிறார். நம்மில் யாரையும் அயோக்கியர் என்று நினைத்து இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. மனுஷக் கண் அப்படித்தான் என்று தெரிந்து செய்திருக்கிறார்கள். அங்கே போய் உட்காரும்போது யாருக்கும் கோபம் வருவதில்லை. அதே ஏற்பாட்டில் பாதியைப் பள்ளிக்குள் செய்யலாம் என்று சொன்னால் மட்டும் ஏன் "எங்களைச் சந்தேகப்படுறீங்களா?" என்று கேட்கிறோம்?

பள்ளிக்குள்தானே பெயர் தெரிந்த தாள் இருக்கிறது. காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு எல்லாவற்றிலும் முகத்தை நினைத்துக்கொண்டேதான் திருத்துகிறோம். மேல்நிலையில் அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண் நம் கையில் இருக்கிறது. பொதுத்தேர்வில் முகமே தெரியாமல் திருத்திக் காப்பாற்றிய நியாயத்தை இந்தப் பத்தில் கோட்டைவிட்டால் என்ன பயன்? சொந்தத் தேர்வுகளில் பிள்ளைகள் முதல் பக்கத்தில் பெயரை எழுதாமல் கடைசிப் பக்கத்தில் எழுதட்டும். ஒரு தாளை முழுதாகத் திருத்திவிட்டு அடுத்ததை எடுக்காதீர்கள். முதலில் எல்லாத் தாளிலும் ஒரே நெடுவினாவைத் திருத்துங்கள், பிறகு அடுத்த வினாவுக்குப் போங்கள். முதல் பக்கத்தின் அழகு நாலாம் பக்கத்துக்குக் கசியாது. முதலில் திருத்திய நாலைந்து தாள்களைக் கடைசியில் இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை, அரசாணையும் வேண்டாம். கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகலாம்.

விடைத்தாளுக்கு வெளியே இருப்பதுதான் இன்னும் பெரிய இடம். வகுப்பறையைக் கூட்ட யாரை அனுப்புகிறோம்? தண்ணீர்த் தொட்டி கழுவ, பெஞ்சு தூக்க, கடைக்குப் போய் டீ வாங்கிவர யார் பெயர் நம் வாயில் தானாக வருகிறது? மாவட்டக் கல்வி அலுவலர் வரும்போது வரவேற்புரை சொல்ல எந்தப் பிள்ளையை மேடையேற்றுகிறோம்? ஒரு மாதத்துக்கு ஒரு பழைய நோட்டில் இதைக் குறித்துவைத்துப் பாருங்கள். யாரும் கேட்காவிட்டாலும் அந்த நோட்டே உங்களோடு பேசும். ஆய்வகத்தில் கருவியைத் தொட்டுச் செய்வது பையன்கள், பதிவேட்டில் அழகாக எழுதுவது பெண் பிள்ளைகள் என்று தன்னால் பிரிந்திருப்பதும் அதில் தெரியும். ஹன்னாவும் லிண்டனும் செய்த சோதனையில் மிக நன்றாக எழுதிய பெண் பிள்ளைகளுக்கும் இழப்பு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் "எந்தத் தெரு?" என்று கேட்கும் பழக்கத்தையும் நிறுத்திவிடலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியும், சுற்றி உட்கார்ந்திருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் தெரியும். முகவரி வேண்டும் என்றால் எமிஸில் இருக்கிறது. "எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு" என்று நிறைந்த வகுப்பில் சொல்கிறோமே, சொல்கிறவர் மனசில் உதவி செய்கிற நினைப்பு மட்டும்தான் இருக்கும். எழுந்து நிற்கிற பிள்ளைக்கு அப்போது எப்படி இருக்கும்? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர்ப்பாதைத் தாள்களைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சாதி தெரியாமல் உட்கார்ந்தபோது தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே செய்தார்கள். பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டு அதே வேலையைக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் போட்டு முடித்த எண்ணிக்கை இறங்கிவிட்டது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. சத்தமாக வாசித்தார்கள், அவ்வளவுதான்.

சந்துரு குழு உதவித்தொகை விஷயத்தைத் தலைமையாசிரியர் அறையில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் வேண்டாம், அகர வரிசைப்படி உட்கார வையுங்கள் என்றெல்லாம் சொன்னது இதனால்தான். இவையெல்லாம் சாய்வுக்கான வைத்தியம். செய்தால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. அகர வரிசை மட்டும் கண் தெரியாத பிள்ளையையும் குள்ளமான பிள்ளையையும் பின்னால் தள்ளிவிடக்கூடும், அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள ஆசிரியருக்குத் தெரியாதா என்ன?

தப்பெண்ணத்துக்கு இந்த வைத்தியம் போதாது. அங்கே ஏமாந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெயரை மறைத்துக் கொடுத்தாலும் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் பார்ப்பவர் இருக்கிறார். பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைத் தன் பிள்ளை சாப்பிடக் கூடாது என்று சொன்ன பெற்றோர்களை 2023இல் கரூர் மாவட்டத்தில் பார்த்தோம். மாவட்ட ஆட்சியரே நேரில் போய் எச்சரிக்க வேண்டியிருந்தது. அந்தச் சமையல்காரரின் சமையல் ருசியாக இருக்கிறது என்றோ சுத்தமாக இருக்கிறது என்றோ எத்தனை சான்று காட்டினாலும் அவர்கள் மனசு மாறியிருக்காது, ஏனென்றால் அவர்களுடைய மறுப்பு ருசியிலும் சுத்தத்திலும் இருந்து வரவே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் ஒரு கடைக்காரர், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகும் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த காணொளியை எல்லோரும் பார்த்தோம். அதையும் போலீஸ் வழக்கும் கைதும்தான் எதிர்கொண்டன. இங்கெல்லாம் "விழிப்புணர்வுக் கூட்டம் போடலாம்" என்று ஆரம்பித்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு நாம் செய்யும் துரோகம் அது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளையின் உடம்பையும் மனசையும் வதைக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. துறையின் நடத்தை விதிகள் இருக்கின்றன.

ஆசிரியர் அறைக்குள் இந்தத் தப்பெண்ணம் இருந்தால் என்ன செய்கிறோம்? "நம்ம ஸ்டாஃப்தானே, விடுங்க", "ரிட்டையர் ஆகப் போறவரு", "அவரு வாய்தான் அப்படி, மனசு தங்கம்". புகார் சொல்ல வந்த பிள்ளையின் அம்மாவைத் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கவைத்துச் சமாதானம் சொல்லி அனுப்புகிறோம். அந்த அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். தலைமையாசிரியர்களிடம் எனக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு புகார் வந்தால் முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லி, தெருவைச் சொல்லி, சாதியைச் சொல்லி ஒரு ஆசிரியர் ஒரு பிள்ளையை மட்டம் தட்டினார் என்றால், எடுத்துச் சொன்ன பிறகும் அதையே செய்தார் என்றால், அது பழக்கதோஷம் ஆகாது. மேலிடத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

உங்களில் பலருக்கு இதில் இருக்கும் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளி இருக்கும் ஊரில் எந்தச் சாதிக்குச் செல்வாக்கோ அந்த ஊர்ப் பெரிய மனிதர்களைப் பகைத்துக்கொண்டு வேலை பார்ப்பது கஷ்டம். பட்டியல் சாதி ஆசிரியர் ஒருவருக்கு வேலை பார்க்கும் ஊரிலேயே வாடகைக்கு வீடு கிடைக்காமல், தினமும் பஸ் மாறி மாறி வந்துபோனதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர் வகுப்புப் பையன்களே அவர் காதுபட அவருடைய சாதியைப் பேசினார்கள். அப்படிப்பட்டவரைப் பார்த்து "தைரியமாக எதிர்த்து நில்லுங்கள்" என்று ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் நான் சொல்வது நியாயமாகாது. அதனால்தான் ஒற்றை ஆளாக யாரும் நிற்கக் கூடாது என்கிறேன். ஆசிரியர் சங்கங்கள் இருக்கின்றன. ஊதியத்துக்கும் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்கும் ஒன்றாக நின்ற சங்கங்கள், சாதி காரணமாக அவமானப்படும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒன்றாக நிற்கலாம். தன் உறுப்பினர் தவறு செய்தால் அவர் பக்கம் போய் நிற்காமலும் இருக்கலாம்.

"அப்போ பின்தங்கிய பிள்ளைக்குச் சேர்த்து மதிப்பெண் போடச் சொல்றீங்களா?" என்று ஒரு இளைய நண்பர் என்னிடம் கேட்டார். கிடையவே கிடையாது. பரிதாபப்பட்டுக் கூட்டிப் போடுவதிலும் "உனக்கு இவ்வளவுதான் வரும்" என்ற அதே நினைப்பு ஒளிந்திருக்கிறது. எழுதியதற்கு உண்டானதைக் கொடுத்தால் போதும். அதற்கு மேலே, எழுதவைக்கும்வரை கூடவே உட்காருவதுதான் நம் வேலை.

இன்னொன்று. சாய்வு உள்ளவர் எல்லாரும் எந்நாளும் சாய்வோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. "சார், நீங்க எப்பவும் இந்த வரிசைப் பையனைத்தான் கூட்டச் சொல்றீங்க" என்று ஒருவர் எடுத்துக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்டுக்கொண்டால் அன்றோடு போய்விடும். "எனக்கே புத்தி சொல்றியா?" என்று சீறி, மறுநாளும் அதே பையனைக் கூப்பிட்டால், தெரியாமல் இருந்தது இப்போது தெரிந்தே செய்வதாகிவிடுகிறது. சுட்டிக்காட்டுகிறவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. எடுத்த எடுப்பிலேயே சக ஆசிரியரைச் சாதிவெறியர் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னால் அவர் காது அடைத்துவிடும், தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில்தான் முனைவார். முதல் தடவை தனியாக, பெயரும் நாளும் குறித்து, என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள். அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அடுத்து எந்த வழியில் போக வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பள்ளி திறந்ததும் நடக்கும் முதல் ஆசிரியர் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காடு, கட்டடப் பராமரிப்பு, விலையில்லாப் பொருட்கள் என்று பேச நிறைய இருக்கும். அதில் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். காலாண்டுத் தேர்வில் பெயரைக் கடைசிப் பக்கத்தில் எழுதவைப்பது, வகுப்பு வேலைகளுக்கு எல்லாப் பிள்ளைகளும் மாறி மாறி வரும்படி ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டுவது, உதவித்தொகைப் படிவத்தை வகுப்பில் அறிவிக்காமல் தனியாகக் கொடுப்பது, சாதி சம்பந்தப்பட்ட புகாரை எழுத்தில் வாங்க ஒருவரைப் பொறுப்பாக்குவது ஆகிய நான்கையும் தீர்மானப் பதிவேட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோருக்கும் அதன் நகலைக் கொடுங்கள். டிசம்பரில் அரையாண்டுக் கட்டை எடுக்கும் முன்பு அந்தப் பக்கத்தைத் திறந்து, எதைச் செய்தோம், எது விட்டுப்போனது என்று எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை பாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்